கை அறியும் மா

பசறை, லுணுகலை, மடுல்சீமை, நமுனுகுல, அப்புத்தளை என்று ஊவாவின் எந்தத் தோட்டத்தை எடுத்துக்கொண்டாலும், லயங்களில் விடியுமுன் தொடங்கிவிடும் வேலை கோதுமை மா பிசைவது. பிரட்டுக்குப் போகுமுன் ரொட்டி சுட்டாக வேண்டும். ஒரு பங்கு வீட்டில் தேத்தண்ணீரோடு தீரும். மற்றது சம்பலோடு மலைக்குப் போகும். கோதுமை இலங்கையில் விளைவதில்லை. 1942ல் பர்மா யப்பானியர் கைக்குப் போய் அரிசி வரவு அறுந்தபோது, கப்பலில் வந்த கோதுமை மா அந்த இடத்தை நிரப்பத் தொடங்கியது. திருகோணமலையில் 1980ல் பெரிய மா ஆலை இயங்கத் தொடங்கிய பின் அது நாட்டின் மூலை முடுக்கெல்லாம் பரவியது. அரிசி வாங்கக் கட்டாத குடும்பங்களின் வயிற்றை நிரப்பியதால் ரொட்டிக்கு ஏழைச் சாப்பாடு என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. அந்தப் பெயரின் அடியில் ஒரு பெரிய அறிவு கவனிப்பாரற்றுக் கிடக்கிறது.

மேற்கு நாடுகளில் இன்று பெரும் ஆர்வத்தோடு பேசப்படும் ‘சவர்டோ’ என்னும் புளிமாப் பாணையும் லயத்து ரொட்டியையும் இணைப்பது அந்த அறிவுதான். இரண்டிலும் மூலப்பொருள் ஒன்று: கோதுமை மா, தண்ணீர், உப்பு. இரண்டிலும் கருவி ஒன்று: கை. மாவுக்கு உறுதி கிடைப்பது கையின் பலத்தால் என்றுதான் பலரும் நினைக்கிறோம். உண்மையில் வேலையில் பெரும்பகுதியைச் செய்வது தண்ணீரும் நேரமும். எங்கே தொட வேண்டும், எப்போது விட வேண்டும் என்று தீர்மானிப்பதே கையின் பங்கு. இந்த அத்தியாயம் அதைப் பற்றியது.

மாவுக்குள் ஒளிந்திருப்பது

1728ல் இத்தாலியின் போலோஞா நகரத்து மருத்துவர் யாக்கோப்போ பெக்காரி, பிசைந்த கோதுமை மாவைத் தண்ணீரில் கழுவிப் பார்த்ததைப் பற்றி அறிஞர் சபை ஒன்றில் பேசினார். அந்த உரை 1745ல் அச்சானது. அவர் செய்ததை எந்தக் குசினியிலும் செய்யலாம். 100 கிராம் கோதுமை மாவில் 60 மில்லிலீற்றர் தண்ணீர் விட்டுப் பிசைந்து உருட்டுங்கள். அரை மணி நேரம் தண்ணீருக்குள் அமிழ்த்தி வையுங்கள். பிறகு ஒரு கிண்ணத்துத் தண்ணீருக்குள் வைத்து மெதுவாகப் பிசைந்து கழுவுங்கள். தண்ணீர் பால்போல வெளுக்கும், அது மாச்சத்து. தண்ணீரை மாற்றி மாற்றிக் கழுவினால் கடைசியில் கையில் எஞ்சுவது சாம்பல் கலந்த மஞ்சள் நிறத்தில் ஓர் உருண்டை. இழுத்தால் நீளும், விட்டால் சுருங்கும். நல்ல மாவென்றால் ஏறக்குறைய 30 கிராம் நிற்கும். அதில் மூன்றில் இரண்டு பங்கு தண்ணீர். மற்றதில் பெரும்பகுதி புரதம். இதுதான் குளூட்டன்.

இதையே குரக்கன் மாவிலோ அரிசி மாவிலோ செய்தால் எல்லாம் தண்ணீரோடு போய்விடும், கையில் எதுவும் மிஞ்சாது. குரக்கன் ரொட்டி சுடுகிறவர்கள் கொஞ்சம் கோதுமை மாவையும் சேர்த்துக்கொள்வதற்குக் காரணம் இதுவே. அப்பத்துக்கான அரிசிமாக் கரைசல் கள்ளில் உள்ள மதுவத்தால் நன்றாகப் புளித்துப் பொங்கும். ஆனாலும் அதை உருட்டி நிறுத்த முடியாது, சட்டியில்தான் ஊற்ற வேண்டும். வாயுவைப் பிடித்து வைக்கும் புரத வலை அதில் கிடையாது.

குளூட்டன் இரண்டு வகைப் புரதங்களின் கூட்டு. குளூட்டெனின் மிக நீண்ட சங்கிலி. இழுத்தால் பழைய நிலைக்குத் திரும்பப் பார்க்கும். மாவின் மீள்தன்மை அதனுடையது. கிளையடின் சிறியது, உருண்டு திரண்டது. மாவைக் குழையவும் வழியவும் விடுவது அது. முதலாவது ஓங்கினால் மா முரண்டு பிடிக்கும். இரண்டாவது ஓங்கினால் தட்டில் பரவி விழும். பிசைகிறவர் தேடுவது இரண்டுக்கும் நடுவில் ஒரு நிலையை.

பிசையும்போது நடப்பது

உலர்ந்த மாவில் குளூட்டன் இல்லை. அதற்கான புரதங்கள் மட்டும் தனித்தனியாகச் சுருண்டு கிடக்கின்றன. தண்ணீர் பட்டதும் அவை ஊறி, இளகி, ஒன்றையொன்று பற்றத் தொடங்குகின்றன. இதற்குக் கை அவசியமில்லை. மாவையும் தண்ணீரையும் கலந்து மூடி வைத்துவிட்டு அரை மணி கழித்துத் தொட்டுப் பாருங்கள். கலந்தபோது உடைந்து பிய்ந்தது, இப்போது இழுத்தால் நீளும். பிரெஞ்சு பேக்கரி ஆசிரியர் ரேமோன் கால்வெல் 1970களில் இந்த ஓய்வை ஒரு முறையாகவே வகுத்துப் பரப்பினார். உப்பையும் புளிமாவையும் பிறகு சேர்ப்பது அவர் முறை. உப்பு புரதங்களை இறுக்கிவிடும் என்பதால் ஊறும் நேரத்தில் அதைத் தள்ளி வைத்தார். ‘மா ஊறட்டும்’ என்று மூடி வைத்துவிட்டுச் சம்பல் இடிக்கப் போகும் லயத்துப் பெண்ணும் அதே புரதங்களுக்கு அதே நேரத்தைத்தான் கொடுக்கிறாள்.

அப்படியானால் கை எதற்கு? மூன்று வேலைகளுக்கு.

முதலாவது, ஒழுங்கு. ஊறிய சங்கிலிகள் சிக்குப் பிடித்த கூந்தல்போலக் கிடக்கின்றன. இழுத்து மடிக்கும் ஒவ்வொரு தடவையும் அவை இழுக்கும் திசையில் வரிசைப்படுகின்றன. சிக்கை ஒரே இழுப்பில் எடுக்கப் பார்த்தால் முடி அறுவதுபோல, ஓய்வில்லாமல் இழுத்தால் மாவும் கிழியும்.

இரண்டாவது, காற்று. குளூட்டெனின் சங்கிலிகளை ஒன்றோடொன்று பூட்டுவது கந்தக அணுக்கள் இரண்டிரண்டாகச் சேரும் பிணைப்பு. பிசையும்போது உள்ளே போகும் ஒட்சிசன் இந்தப் பூட்டு அமையத் துணை செய்கிறது. ஒட்சிசனின் வேலை ஊவாக்காரருக்குப் புதிதல்ல. உருட்டும்போது கலங்கள் உடைந்த தேயிலைக் கொழுந்து செம்பு நிறமாகி மணம் பெறுவது நுண்ணுயிரால் நடப்பதன்று. இலையின் சொந்த நொதியங்களும் காற்றின் ஒட்சிசனும் சேர்ந்து செய்வது. மாவில் அதே ஒட்சிசன் புரதத்தை இறுக்குகிறது.

மூன்றாவது, குமிழி. பேக்கர், மைஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 1941ல் ஓர் அழகான உண்மையை வெளியிட்டார்கள்: பிசைந்த மாவில் மதுவத்தால் ஒரு புதுக் குமிழியையும் உண்டாக்க முடியாது. அது வெளிவிடும் காபனீரொட்சைட்டு முதலில் மாவின் ஈரத்தில் கரைகிறது. பிறகு பிசையும்போது ஏற்கெனவே சிக்கிய நுண்ணிய காற்றுக் குமிழிகளுக்குள் போய் அவற்றை ஊதுகிறது. பாணைப் பிட்டால் தெரியும் ஒவ்வொரு துவாரத்தின் தொடக்கமும் கை உள்ளே விட்ட காற்றுதான். இடையில் மடிக்கும்போது பெரிய குமிழிகள் பிளந்து பலவாகின்றன. மடிப்பு கூடக்கூட துவாரங்கள் சிறுத்து ஒரே சீராகின்றன.

வீச்சு ரொட்டிக் கடையின் பாடம்

பாண் சுடுகிறவர்கள் மா தேறிவிட்டதா என்று பார்க்க ஒரு சோதனை வைத்திருக்கிறார்கள். சிறு துண்டை எடுத்து நான்கு விரல்களால் மெல்ல விரிக்க வேண்டும். கிழியாமல், வெளிச்சம் ஊடுருவும் மெல்லிய சவ்வாக அது நின்றால் குளூட்டன் தேறிவிட்டது. புளிமாப் பாண் புத்தகங்கள் இதைப் பக்கம் பக்கமாக விளக்குகின்றன. பதுளை, பண்டாரவளை பஸ் நிலையங்களை அண்டிய சாப்பாட்டுக் கடைகளில் இந்தச் சோதனை நாள் முழுக்க நடக்கிறது, அதுவும் முழு ரொட்டி அளவில்.

வீச்சு ரொட்டி போடுகிறவரின் கையைக் கவனியுங்கள். மாவை நன்றாகப் பிசைந்து, உருண்டை பிடித்து, எண்ணெய் பூசித் தட்டத்தில் அடுக்கி மணிக்கணக்கில் விட்டுவிடுகிறார். அவசரத்தில் உடனே எடுத்து விரித்தால் உருண்டை சுருண்டு திரும்பும், மீறி இழுத்தால் ஓட்டை விழும். ஊறிய உருண்டையோ உள்ளங்கையால் அழுத்தினால் அழுத்திய இடத்தில் நிற்கிறது. ஓரத்தை இரு கைகளாலும் பிடித்துத் தூக்கி வீசுகிறார். மாவின் சொந்தப் பாரமே அதை இழுக்கிறது. இரண்டாம் மூன்றாம் வீச்சில் கல்மேசையின் நிறம் ரொட்டியூடாகத் தெரிகிறது. பிறகு மடிப்பு.

அந்த ஓய்வில் நடந்தது இது: பிசைந்தபோது இறுகி முறுக்கேறிய சங்கிலிகள் ஒன்றின்மீது ஒன்று வழுக்கி, முறுக்குத் தளர்ந்து, புதிய நிலையில் பிணைந்துகொண்டன. வலை அப்படியே இருக்கிறது. இழுவிசை மட்டும் இறங்கியிருக்கிறது. எண்ணெய் வெளியில் பூசப்படுவதால் வலையைக் கெடுப்பதில்லை. மேற்பரப்பு காயாமலும் கையில் ஒட்டாமலும் காக்கிறது.

லயத்துத் தேங்காய் ரொட்டியில் இதற்கு நேர்மாறான கணக்கு. தேங்காய்ப்பூவை மாவோடு சேர்த்தே பிசைகிறார்கள். அதன் கொழுப்பு புரதத்தின்மீது படிந்து தண்ணீரைத் தடுக்கிறது, அதன் துணுக்குகள் வலையை இடையிடையே வெட்டுகின்றன. அதனால் குளூட்டன் குறைவாகவே அமைகிறது. தடிப்பாகத் தட்டினாலும் ரொட்டி இறப்பர்போல இழுபடாமல் பொருபொருவென்று பிய்கிறது. அதிகம் பிசையக் கூடாது என்பது இந்த ரொட்டிக்காரியின் கைக்குத் தெரியும். வலையை வளர்ப்பதும் வளரவிடாமல் தடுப்பதும் ஒரே அறிவின் இரண்டு பக்கங்கள்.

தாய்மாவின் வேலை

இனிப் புளிமாவுக்கு வருவோம். கோதுமை மாவையும் தண்ணீரையும் சம அளவில் கலந்து, நாள்தோறும் ஒரு பகுதியை எடுத்துவிட்டுப் புது மாவும் தண்ணீரும் ஊட்டி வந்தால், ஒன்றிரண்டு வாரத்தில் அதில் காட்டு மதுவமும் லக்டிக் அமிலப் பற்றீரியாக்களும் நிலைகொள்ளும். இதைத் தாய்மா என்று அழைப்போம். மதுவம் வாயுவைத் தருகிறது. பற்றீரியா முக்கியமாக லக்டிக் அமிலத்தையும் அசற்றிக் அமிலத்தையும் தருகிறது. சுவையும், பாண் சீக்கிரம் பூஞ்சணம் பிடிக்காத தன்மையும் அந்த அமிலங்களால் வருபவை.

கடையில் வாங்கும் மதுவமான ஈஸ்ட் ஓரிரு மணி நேரத்தில் மாவை உயர்த்திவிடும். அதனால் உறுதி முழுவதையும் பிசைந்தே ஏற்ற வேண்டும். தாய்மா மெதுவானது. அதற்கு வேண்டிய நான்கு, ஆறு, எட்டு மணி நேரத்தில் தண்ணீர் தன் வேலையைத் தானே செய்துவிடுகிறது. வளரும் குமிழிகளும் சுற்றியுள்ள சவ்வுகளை எல்லாப் பக்கமும் இழுத்து விரிக்கின்றன. பிசைவதே இல்லாமல் பாண் சுடலாம் என்று நியூயோர்க் பேக்கரிக்காரர் ஜிம் லேஹி காட்டி, அது 2006ல் பத்திரிகையில் வந்தபோது உலகம் வியந்தது. அதன் அடிப்படை இந்தக் கணக்குதான்: நேரம் கூடினால் பிசைவது குறையும்.

கையின் முறைகள்

500 கிராம் கோதுமை மா, 325 மில்லிலீற்றர் தண்ணீர், பொங்கி நிற்கும் தாய்மா 100 கிராம், உப்பு 10 கிராம் என்று வைத்துக்கொள்வோம். நம் கடைகளில் கிடைக்கும் சாதாரண மாவுக்கு இந்தத் தண்ணீர் அளவில் தொடங்குவது நல்லது. மாவையும் தண்ணீரையும் கலந்து அரை மணி ஊறவிட்ட பிறகு தாய்மாவையும் உப்பையும் சேருங்கள். உப்பைக் கொஞ்சம் தண்ணீரில் கரைத்து, மேலே தெளித்து, கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் மாவைக் கிள்ளிக் கிள்ளிச் சேர்ப்பது எளிது. கிள்ளிய துண்டுகள் சில நிமிடத்தில் மறுபடி ஒட்டிக்கொள்ளும்.

இழுத்து மடிப்பது எல்லாவற்றுக்கும் அடிப்படை. கையை நனைத்துக்கொள்ளுங்கள், தண்ணீர்ப் படலம் இருந்தால் மா ஒட்டாது. ஓர் ஓரத்தின் அடியில் விரல்களை விட்டு, தூக்கி, கிழியும் கட்டத்துக்கு முன் நிறுத்தி, எதிர்ப்பக்கத்துக்கு மடியுங்கள். சட்டியைக் கால் வட்டம் திருப்பி மறுபடியும் செய்யுங்கள். நான்கு பக்கமும் முடிந்தால் ஒரு சுற்று. மூடி வைத்து அரை மணி விடுங்கள். முதல் சுற்றில் மா வழியும். இரண்டாவதில் தூக்கினால் முழுதாக எழும். மூன்று, நான்காம் சுற்றில் மேல்தோல் வழவழப்பாகி, இழுக்கும் கைக்கு எதிர்ப்புக் காட்டும். அந்த எதிர்ப்பு தெரிந்ததும் நிறுத்திவிடலாம்.

தூக்கி அடித்து மடிப்பது, தண்ணீர் கூடிப் போன மாவுக்கு. மாவை மேசையிலிருந்து இரு கைகளாலும் தூக்கி, கீழ் நுனி மேசையில் பட அடித்து, கையிலுள்ள நுனியை முன்னே நீட்டி மேலே மடிக்க வேண்டும். காற்று நிறைய உள்ளே போகும். நொதித்தல் தொடங்குமுன் இதைச் செய்துவிட வேண்டும். பிறகு செய்தால் சேர்த்த வாயு போய்விடும்.

சுருட்டி மடிப்பது மென்மையான முறை. பொங்கத் தொடங்கிய மாவுக்கு ஏற்றது. நடுவில் இரு கைகளையும் அடியில் விட்டு நேராக மேலே தூக்கினால் இரு நுனிகளும் தொங்கும். அப்படியே இறக்கினால் அவை தாமாகவே அடியில் மடங்கும். மாவை இழுப்பது அதன் பாரம் மட்டுமே, குமிழி நசுங்குவதில்லை.

விரித்து மடிப்பது என்ற முறையில் நனைத்த மேசையில் மாவை முழுவதுமாகச் சவ்வுபோல விரித்து, கடிதம்போல மடித்துச் சட்டியில் வைப்பார்கள். பசறை வீதியில் வீச்சு ரொட்டி போடும் ஒருவருக்கு இதைக் கற்றுக்கொடுக்க ஒரு நிமிடம் போதும். எண்ணெய்க்குப் பதில் தண்ணீர் என்பதே அவருக்கு உள்ள வித்தியாசம்.

உயரம், குளிர், காற்று

பாண் புத்தகங்களின் நேரக் கணக்கை ஊவாவில் அப்படியே பின்பற்றினால் ஏமாற்றம்தான். பதுளை நகரம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 680 மீற்றரில் இருக்கிறது. அப்புத்தளை 1,430 மீற்றர் அளவில். உயரம் கூடக்கூட ஆயிரம் மீற்றருக்கு ஆறரைப் பாகை செல்சியஸ் அளவில் வெப்பம் குறையும். அதனால் இரண்டு ஊருக்கும் இடையில் ஐந்து பாகை வரை வித்தியாசம் இருக்கும். பத்துப் பாகை குறைந்தால் நொதித்தலின் வேகம் ஏறக்குறைய பாதியாகும் என்ற பொதுக் கணக்கை வைத்துப் பார்த்தால், பதுளையில் ஐந்து மணி நேரத்தில் தேறும் மாவுக்கு அப்புத்தளையில் ஏழு மணி நேரம் தேவைப்படும். குளிரூட்டிப் பெட்டி இல்லாத வீட்டிலும் இரவு முழுக்க மாவை வைத்து ஆறுதலாகப் புளிக்கவிட மேட்டுத் தோட்டங்களின் குளிரே உதவும்.

இன்னொரு விசை எதிர்ப்பக்கம் இழுக்கிறது. அப்புத்தளையின் உயரத்தில் காற்றமுக்கம் கடற்கரையைவிட ஏறக்குறைய 15 வீதம் குறைவு. அதே அளவு வாயு அங்கே கூடுதல் இடத்தைப் பிடிக்கும். மா இரண்டு மடங்கு உயர்ந்துவிட்டது என்று பார்த்து அடுப்பில் வைத்தால், உண்மையில் அது கொஞ்சம் முந்தியதாக இருக்கலாம். மணிக்கூடும் ஏமாற்றும், கண்ணும் ஏமாற்றும். விரலில் உலர்ந்த மாவைத் தொட்டுக்கொண்டு ஒரு சென்ரிமீற்றர் அழுத்திப் பாருங்கள். பள்ளம் உடனே நிரம்பினால் இன்னும் நேரம் தேவை. மெதுவாக, பாதி நிரம்பி நின்றால் சரி. நிரம்பவே இல்லை என்றால் பிந்திவிட்டது.

அடுத்தது காற்று. யூன் முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று மழையை மத்திய மலையின் மேற்குச் சரிவிலேயே கொட்டிவிட்டு, காய்ந்த காற்றாக ஊவாவுக்குள் இறங்குகிறது. ஊவாத் தேயிலைக்கு உலகப் பெயர் தரும் மணம் இந்த மாதங்களில்தான் கிடைக்கிறது. அதே காற்று மூடாமல் வைத்த மாவின் மேல் சிறிது நேரத்தில் வறண்ட தோலைப் போட்டுவிடும். அந்தத் தோலை உள்ளே மடித்தால் பாணுக்குள் கெட்டிக் கோடுகளாக நிற்கும். ஈரத் துணியைப் பிழிந்து போர்த்துங்கள். மூடியுள்ள சட்டி இன்னும் நல்லது. வடகீழ்ப் பருவமழை நாட்களில் மாவே ஈரத்தை இழுத்து வைத்திருக்கும்; தண்ணீரைக் கொஞ்சம் குறைத்துத் தொடங்குங்கள்.

நிறுத்தத் தெரிவது

நேரம் மாவை உறுதியாக்கும் என்றேன். அதற்கு ஓர் எல்லை உண்டு. புளிப்பு ஏறும்போது கோதுமையிலேயே இருக்கும், புரதத்தை வெட்டும் நொதியங்கள் விழித்துக்கொள்கின்றன. அமிலச் சூழலில் அவை சுறுசுறுப்பாக வேலை செய்யும். பற்றீரியாக்களில் சில, குளூட்டெனினின் கந்தகப் பூட்டுகளையும் அவிழ்க்கத் துணைபோகின்றன. இப்படி வெட்டுப்பட்ட புரதம் பாணுக்கு மணம் தரும் அமினோ அமிலங்களாகிறது. ஆனால் வெட்டு முற்றினால் வலையே கரைந்துவிடும். தூக்கினால் எழுந்த மா கரைசல்போல வழியும், கையில் பசைபோல ஒட்டும், வாசனை உறுத்தும். அதை எவ்வளவு மடித்தாலும் இனி எழாது. அந்த மாவுடன் புது மாவும் தேங்காய்ப்பூவும் வெங்காயமும் பச்சை மிளகாயும் சேர்த்துத் தடித்த ரொட்டியாகக் கல்லில் சுடுங்கள். வலை தேவைப்படாத ரொட்டி அது, புளிப்பும் அதற்கு ஒத்துப்போகும்.

எப்போது பிசைவது, எப்போது விடுவது, எப்போது சுடுவது என்ற இந்த மூன்று முடிவுகளையும் தோட்டத்துப் பெண்கள் தலைமுறை தலைமுறையாக விரல் நுனியால் எடுத்து வந்திருக்கிறார்கள். அரிசிக்குள்ள மதிப்பு மாவுக்கு இல்லாத காலங்களிலும், அந்த மாவும் 1970களின் தட்டுப்பாட்டில் கைக்கு எட்டாத காலங்களிலும் அவர்கள் அந்தக் கைத்திறனை இழக்கவில்லை. எழுதப்படாததால் அது அறிவாக எண்ணப்படவில்லை, அவ்வளவே. எழுதும் பொறுப்பு நமக்கு இருக்கிறது. பெக்காரியின் சோதனைக்கு வேண்டியது ஒரு பிடி மாவும் ஒரு கிண்ணம் தண்ணீரும். பதுளை மாவட்டத்தின் எந்தத் தோட்டப் பாடசாலை வகுப்பறையிலும் அதைச் செய்யலாம். தன் அம்மா காலையில் ஏன் மாவை மூடி வைத்துக் காத்திருந்தாள் என்பதற்குப் புரதத்தைக் கொண்டு விடை சொல்லும் பிள்ளைக்கு விஞ்ஞானம் வேறு எங்கிருந்தோ வந்த பாடமாக இருக்காது.